இருள் இலவசம்

மீமுரேயில் ஒரு மரக்குடில்.
ஓர் இரவுக்குப் பதினெட்டாயிரம்,
காலைச் சாப்பாட்டோடு.
'இருள் இலவசம்' என்றது விளம்பரத்தின் கடைசி வரி.
அந்த வரிக்காகத்தான் முற்பணம் கட்டினோம்.

நந்தகோபன் புறக்கோட்டையில் பேரம் பேசிப்
பழைய பைனாகுலர் ஒன்று வாங்கி வந்தான்.
இடக்கண்ணாடியில் ஒரு நீளக் கீறல்.
எதைப் பார்த்தாலும் அதற்கொரு வால் முளைத்தது.
"பரவாயில்லை, எல்லாமே வால்வெள்ளி" என்றான்.

வெள்ளி பின்னேரம் புறப்பட வேண்டும்.
வியாழன் காலை எட்டு மணிக்கே
கிருலப்பனைப் பெற்றோல் வரிசையில் நின்றோம்.
முன்னால் இருநூற்றுப் பதினான்கு வாகனம்,
நடந்துபோய் எண்ணினேன்.
திரும்பி வரும்போது எண்ணினால்
இருநூற்றுப் பதினேழு.

வியாழன், வெள்ளி:
கிரகங்களாகப் பார்க்க நினைத்தவற்றைக்
கிழமைகளாகவே கழித்தோம்.

குடில்காரர் அழைத்தார்.
அங்கே மழையாம்,
நீட்டிய கை தெரியாத மூடுபனியாம்.
காசைத் திருப்பித் தர ஏலாது, திகதியை மாற்றலாம் என்றார்.
வரும்போது தனக்கும் ஒரு போத்தல் பெற்றோல்
கொண்டுவர ஏலுமா என்றும் கேட்டார்.

ஏழரைக்கு மின்சாரம் போனது.
முதலில் மருந்துக்கடைப் பெயர்ப்பலகை,
பிறகு ஹவ்லொக் வீதி,
பிறகு, யாரோ போர்வையை இழுத்துவிட்டதுபோல்,
வெள்ளவத்தைவரை எல்லாம்.
ஜெனரேட்டர்களும் டீசலுக்கு ஏங்கிக் கிடந்த காலம்.
ஒரு மாடிகூட முனகவில்லை.

கொழும்புக்கும் மேலே வானம் இருந்தது.
தென்மேற்குப் பருவம் அன்றைக்கு மட்டும்
எங்கேயோ லீவில் போயிருந்தது.
தென்கிழக்கே, தண்ணீர்த் தாங்கிக்குச் சற்று மேலே
தேள் முழுதாய்.
அதன் நெஞ்சில் கேட்டை,
பெற்றோல் செட்டருகே யாரோ
அணைக்க மறந்த சிகரெட் நுனி.

நான் காரின் கூரையில் ஏறிப் படுத்தேன்.
தகரம் பகல் சூட்டை இன்னும் விடவில்லை.
நந்தகோபன் ஏறவில்லை.
கதவில் சாய்ந்து, தலையை ஒருபக்கம் சரித்து
அப்படியே நின்றான்.
பத்து வயதுவரை விளக்கில்லாமல் வளர்ந்தவன்.
வானத்தை முதலில் காதால் பார்ப்பான்.
ஒன்றும் இரையவில்லை என்று நிச்சயமான பிறகுதான்
கண்ணை உயர்த்துவான்.
கலியாணம் கட்டி ஆறு வருடம் கழித்து
இதை ஒரு பெற்றோல் வரிசையில் அறிந்தேன்.

பின்னால் நின்ற ஓட்டோக்காரர் சுமிந்த
பைனாகுலரைக் கேட்டு வாங்கி
பவுசர் வருகிறதா என்று பார்த்தார்.
நெடுநேரம் பார்த்தார்.
திருப்பித் தருமுன் சும்மா ஒருமுறை மேலே.
"அய்யோ" என்றார்.
அது இரண்டு மொழியிலும் ஒன்றுதான்.

வேன் ஒன்றிலிருந்து இறங்கிய ரஸீனா
மகனின் இன்சுலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு
"ஐஸ் இருக்கா, கொஞ்சம் ஐஸ்" என்று
வண்டி வண்டியாய்க் கேட்டுப் போனாள்.
நான் கூரையிலிருந்து இறங்கினேன்.
மீன்கடைப் பெட்டியின் அடியில்
ஒரு கட்டி கிடைத்தது, செதில் ஒட்டியபடி.
மூன்று பைகளில் சுற்றிக் கொடுத்தோம்.
அதற்குப் பிறகு
படுத்துக்கொண்டு பார்க்க மனம் வரவில்லை.

வரிசை நகர்ந்தபோது ஒருவரும் எஞ்சினை எழுப்பவில்லை.
இறங்கித் தள்ளினோம்.
பத்து மணிவரை நாங்கள் மூன்று கார் நீளம்,
தேள் ஒன்றரைச் சாண்.

பத்தேகாலுக்கு வெளிச்சம் வந்தது.
மாடிகளில் கூவினார்கள்.
வரிசை முழுக்க ஹோர்ன்.
ரஸீனா வேன் கதவில் நெற்றியை வைத்துக்
கண்ணை மூடினாள்.
நானும் கை தட்டினேன்,
உண்மையாகவே தட்டினேன்.
தட்டி முடிந்து அண்ணாந்தால்
கேட்டை மட்டும்.
அதுவும் பைனாகுலரில், வாலோடு.

முன்னால் ஒரு கார் அசைந்தது.
நந்தகோபன் பிரேக்கைத் தளர்த்தினான்.
நான் பின்னால் போய்த் தோள் கொடுத்தேன்.